இரண்டு கோடைக் காவல்

தோட்டம் போடுவது தனிமனிதனுக்கு உரிய இன்பம் என்று எண்ணுகிறவர்கள் அநேகர். விடியற்காலையில் எழுந்து, தன் கையால் நட்ட செடி இரவோடு இரவாக அரும்பு விட்டிருப்பதைக் காணும்போது உண்டாகும் ஆனந்தம் பிறருக்கு எடுத்துச் சொல்லி விளங்கவைக்கக் கூடியதன்று என்பதும் மெய்தான். ஆயினும், மதிற்சுவருக்குள் அடங்கிக் கிடக்கும் அந்த ஆனந்தத்தை ஓர் ஊருக்கே பொதுவாக்க முடியும் என்பதையும், அதற்குப் பெருஞ்செல்வமோ பெரிய பதவியோ வேண்டியதில்லை, சிரத்தையுள்ள சிலர் ஒன்றுகூடிப் பொறுப்பைப் பங்கிட்டுக்கொண்டால் போதும் என்பதையும், என் வாலிபப் பருவத்தில் கோயம்புத்தூரில் நான் அங்கத்தினனாக இருந்த சிறிய தோட்டக்கலைச் சங்கம் ஒன்று எனக்குக் கற்பித்தது. அந்தச் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு கட்டடம் இருந்ததில்லை. ஒரு குறிப்புப் புத்தகம், நாலைந்து மண்வெட்டிகள், கடப்பாறை, சில பூவாளிகள் ஆகிய இவைதாம் அதன் ஆஸ்தி. ஆனால் அது வளர்த்துவிட்ட மரங்களின் நிழலில் பள்ளிக்கூடம் போய்வந்த குழந்தைகள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

கோயம்புத்தூரின் தட்பவெப்பத்தை அறிந்தவர்களுக்கே சங்கத்தார் செய்த வேலையின் அருமை முழுவதும் விளங்கும். மேற்கே மலைத்தொடர் ஓங்கி நின்று தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொண்டுவிட, ஆனி ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஊருக்குள் வந்து சேர்வது பெரும்பாலும் காற்றும் சாரலுமே. மண் ஆழ நனைந்து வேர் குளிரும்படியான மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலுந்தான் பெய்யும். நொய்யலாற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி முன்னோர் நிரப்பிய குளங்கள் ஊரைச் சுற்றிலும் உண்டு என்றாலும், 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிறுவாணித் தண்ணீர் வந்து சேரும்வரையில் குடிநீருக்கு மக்கள் பட்ட பாட்டை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட ஊரில் ஒரு செடியை உயிரோடு வைத்திருப்பதே ஒரு தவம்.

மற்றொரு புறம், தாவர சாஸ்திரத்துக்கு அந்த ஊரைப்போல் இடங்கொடுத்த ஊர்கள் தென்னாட்டில் மிகச் சிலவே. சைதாப்பேட்டையில் தொடங்கிய விவசாயக் கல்விச்சாலை 1906-இல் இங்கே பெயர்ந்து வந்தது. 1912-இல் கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அதே ஆண்டில் வனக் கல்லூரியும் தொடங்கியது. அதற்கும் முன்னதாக, 1902-இலேயே, காட்டு மரங்களின் வகைகளைப் பொதுஜனங்கள் கண்ணால் கண்டு அறியும்படியாக காஸ் வனப் பொருட்காட்சிசாலை தோன்றியிருந்தது. இவ்வாறு மரங்களைப் பற்றிய அறிவு மிகுந்திருந்தும், பைக்காரா மின்சாரம் வந்தபின் 1930-களிலிருந்து பஞ்சாலைகள் பெருகி, அவற்றைச் சார்ந்து புதிது புதிதாக எழுந்த வீதிகளில் நிழல் என்பது அரிதாகவே இருந்தது. பழைய பெருஞ்சாலைகளில் புளியும் ஆலும் கவிந்து நின்றன. புதிய குடியிருப்புகளிலோ உச்சிப்பொழுதில் ஒதுங்குவதற்கு ஒரு மரம் இல்லை. அறிவு ஓரிடத்திலும் தேவை வேறோரிடத்திலும் இருக்க, இரண்டுக்கும் நடுவே ஒரு பாலமாக அமைந்ததே எங்கள் சங்கம்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயராகப் புதிதாக வேலையில் அமர்ந்திருந்தேன். எங்கள் பள்ளித் தமிழ்ப் பண்டிதர் ஒருநாள் என்னைச் சங்கக் கூட்டத்துக்கு அழைத்துச் சென்றார். காரியதரிசியாக இருந்தவர் வன இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை ரேஞ்சர் ஐயா என்றே அழைப்போம். பங்களாவில் வாழ்ந்த டாக்டர் ஒருவரின் மனைவியார், விவசாயக் கல்லூரியில் பணிபுரிந்த ஒருவர், நாற்றுப்பண்ணை வைத்திருந்த வியாபாரி, பூ மார்க்கெட்டில் மண்டி நடத்திய செட்டியார், பஞ்சாலை மேஸ்திரி ஒருவர் என்று பலதரப்பட்டவர்களும் ஒரே ஜமக்காளத்தில் அமர்ந்து உரம் போடுவதைப் பற்றியும் பூச்சி அரிப்பைப் பற்றியும் சம்பாஷித்துக்கொண்டிருந்த காட்சி எனக்கு வியப்பாக இருந்தது. வேறு எந்தச் சபையிலும் அவர்கள் ஒன்றாக உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அந்தஸ்தும் படிப்பும் பாராட்டாமல் அவர்களை ஒன்றுசேர்த்தது, தன் செடி பிழைக்க வேண்டுமே என்ற ஒரே கவலைதான்.

மாதம் ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அங்கத்தினர் வீட்டில் கூட்டம் நடக்கும். வீட்டுக்காரர் முதலில் தம் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவார். பிறகு யாராவது ஒருவர் ஒரு வித்தையைச் செய்து காட்ட வேண்டும் என்பது வழக்கம். எட்வர்ட் ரோஜாவை வேர்ச்செடியாக வைத்து அதன்மேல் உயர்ந்த ஜாதி ரோஜாவின் கண்ணை ஒட்டுவது எப்படி, மல்லிகைக் கொடியை வளைத்து மண்ணில் புதைத்துப் பதியன் போடுவது எப்படி, ஒட்டுமாவில் ஒட்டுக்குக் கீழே தலைநீட்டும் தளிரை ஏன் உடனே கிள்ளிவிட வேண்டும் என்பவற்றையெல்லாம் புத்தகத்தால் அன்றிக் கையால் நான் கற்றுக்கொண்டது அந்தக் கூட்டங்களிலேதான். கலைந்து போகும் சமயத்தில் ஒவ்வொருவரும் கொண்டுவந்த நாற்றையோ விதையையோ கிளைத்துண்டையோ நடுவில் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துச் செல்வார்கள். அங்கே எதற்கும் விலை கிடையாது. அரிய செடி ஒன்றைத் தாம் மட்டுமே வைத்திருப்பதில் பெருமை கொள்வது தோட்டக்காரர்களுக்கு இயல்பு. ஆனால் ரேஞ்சர் ஐயா, “உங்க வீட்டுல மட்டும் இருக்கிற செடி ஒரு கோடையிலே போயிருமுங்க. பத்து வீட்டுல இருந்தா, எப்பவாவது நீங்களே திரும்ப வாங்கிக்கலாம்” என்று சொல்வார். கொடுப்பதே காப்பதற்கும் வழி என்ற தத்துவத்தை இதைக் காட்டிலும் எளிமையாக எவரும் எனக்குச் சொன்னதில்லை.

டாக்டர் வீட்டு அம்மாளின் முயற்சியால் பெண்களும் மிகுதியாகச் சேர்ந்தார்கள். கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் 1930-களில் பணியாற்றி, கரும்பையும் மூங்கிலையும் இணைத்துக் கலப்பினம் உண்டாக்கி, பின்பு இங்கிலாந்தில் விஸ்லியிலுள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தில் தாவர ஆராய்ச்சி நடத்திய ஜானகி அம்மாளின் பெயர் அந்தப் பெண்மணிகள் நடுவே மிகுந்த அபிமானத்தோடு உச்சரிக்கப்பட்டது. நம் ஊரில் இருந்து வேலை செய்த ஒரு பெண், உலகத்துத் தாவர சாஸ்திரிகள் மதிக்கும் நிலைக்கு உயர்ந்தார் என்பது அவர்களுக்கு ஓர் உந்துசக்தியாக இருந்தது. கொல்லைப்புறத்தில் கீரை விதைக்கும் பழக்கமான காரியத்தையே அவர்கள் புதிய மதிப்போடு பார்க்கத் தொடங்கினார்கள். எந்த விதை எந்த மாதத்தில் முளைத்தது, எத்தனை நாளில் காய்த்தது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைக்கும் வழக்கத்தைச் சங்கத்தில் ஏற்படுத்தியவர்களும் அவர்களே.

சங்கம் வீதிக்கு இறங்கிய கதையை இனிச் சொல்ல வேண்டும். 1950-இல் மத்திய உணவு விவசாய மந்திரியாக இருந்த கே. எம். முன்ஷி, ஜூலை மாதத்தில் நாடெங்கும் மரம் நடும் வன மகோத்சவ வைபவத்தைத் தொடங்கிவைத்தார். எங்கும் உற்சாகம் பெருகியது. பிரமுகர்கள் கன்று நட்டார்கள், பிரசங்கங்கள் நடந்தன. எங்கள் சங்கத்திலும் அவ்விழாவைச் சிறப்பாகக் கொண்டாட வேண்டும் என்று பேச்சு எழுந்தபோது, ரேஞ்சர் ஐயா எழுந்து, ஜூலை மாதம் வடநாட்டு மழைக்கு ஏற்றதே ஒழியக் கோயம்புத்தூர் மண்ணுக்கு ஏற்றதன்று என்றும், ஆடிக் காற்றில் நட்ட கன்று வேர் பிடிப்பதற்கு முன்னமே இலை காய்ந்துபோகும் என்றும், நாட்டோடு சேர்ந்து ஜூலையில் விழாவைக் கொண்டாடிவிட்டு நடவை மாத்திரம் ஐப்பசி மழைக்குத் தள்ளிவைப்பதே முறை என்றும் நிதானமாக எடுத்துரைத்தார். வைபவத்தின் உற்சாகம் ஆறிப்போன பிறகு யார் வந்து நடுவார்கள் என்று சிலர் ஆட்சேபித்தார்கள். “விழாவுக்கு மட்டும் வர்றவங்க தண்ணி ஊத்த வரமாட்டாங்க, ஐப்பசி வரைக்கும் காத்திருக்கிறவங்க வருவாங்க” என்பதே அவர் சொன்ன பதில். அதன்பின் எவரும் மறுத்துப் பேசவில்லை.

அந்தக் கூட்டத்தில் தமிழ்ப் பண்டிதர் சொன்ன ஒரு விஷயம் எங்கள் போக்கையே நிர்ணயித்துவிட்டது எனலாம். நம் நாட்டுக் கோயில்களில் நந்தவனங்கள் இருந்ததை யாவரும் அறிவோம். ஆனால் சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் பொறித்திருக்கும் தானங்களை உற்றுப் பார்த்தால், முன்னோர் நந்தவனத்தை அமைப்பதோடு நின்றுவிடாமல், அதைப் பராமரிப்பதற்கென்றே நிலம் விட்டதும், அதில் உழைப்பவர்களுக்கு ஜீவனாம்சம் ஏற்படுத்தியதும் தெரியவரும் என்று அவர் விளக்கினார். செடி நடுகிறவனுக்கு ஒரு நாள் வேலை; அதைக் காப்பவனுக்கோ தினந்தோறும் வேலை; ஆகையால் தர்மத்தின் பெரும்பங்கு காப்பவனுக்கே போய்ச்சேர வேண்டும் என்பது அக்காலத்தார் கண்ட நீதி. பேரூர்க் கோயிலுக்குச் சங்கத்தார் ஒருமுறை போயிருந்தபோது, விதை முளைக்காது என்று ஐதிகமாகச் சொல்லப்படும் பிறவாப்புளியின் கீழும், இறவாப்பனை என்று போற்றப்படும் பனையின் கீழும் நின்று, தலைமுறை தலைமுறையாக ஓர் ஊர் தன் மரங்களைத் தெய்வத்தின் பெயரால் காத்துவந்திருக்கும் விதத்தை எண்ணி நாங்கள் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். கோயிலில் பக்தி செய்த காரியத்தை வீதியில் நாங்கள் முறைவைத்துச் செய்ய வேண்டியிருந்தது.

குழி வெட்டும் வேலை சித்திரை வைகாசியிலேயே தொடங்கிவிடும். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் என்பது கணக்கு. வெட்டிய குழி கோடை முழுவதும் வெயிலில் காய்ந்து, மண்ணிலுள்ள புழுபூச்சிகள் ஒழிய வேண்டும். பிறகு, வற்றிய குளத்திலிருந்து கொண்டுவந்த வண்டல், மக்கிய சாணி எரு, மேல்மண் மூன்றையும் கலந்து குழியை நிரப்பி, முதல் மழையில் மண் அமர்ந்தபின் கன்றை நடுவோம். வேம்பு, புங்கு, நாவல், வாகை, இலுப்பை, சரக்கொன்றை ஆகியவற்றைத் தெருவின் அகலத்துக்கும் மண்ணின் ஆழத்துக்கும் தக்கபடி தேர்ந்தெடுத்தார்கள். பூவரசுக்குக் கன்றுகூட வேண்டியதில்லை, முற்றிய போத்தை வெட்டி நட்டாலே துளிர்த்துவிடும். ஆடு மாடு அண்டாதபடி ஒவ்வொரு கன்றையும் சுற்றி மூங்கில் பிளாச்சுகளால் கூண்டு கட்டி, முள் சுற்றிவைப்போம். தண்ணீர் மிகவும் தட்டுப்பாடான இடங்களில் கன்றின் அருகே வாய்வரை மண்பானையைப் புதைத்து, அதில் தண்ணீர் நிரப்பி மூடிவிடுவதும் உண்டு. பானையின் நுண்துளைகள் வழியாக ஈரம் மெல்லக் கசிந்து வேரைச் சென்றடையும்.

இவையெல்லாம் நல்ல முறையில் நடந்தாலும், சங்கத்தின் உயிர்நாடி அதன் தண்ணீர் முறையிலேதான் இருந்தது. நட்ட ஒவ்வொரு கன்றுக்கும் குறிப்புப் புத்தகத்தில் ஓர் எண். எண்ணுக்கு நேராக, எதிரேயுள்ள வீட்டாரின் பெயர். அவர்கள் ஊருக்குப் போனால் பொறுப்பேற்கும் அடுத்த வீட்டாரின் பெயர். இரண்டு கோடைகள் முழுவதும் இந்த ஏற்பாடு நீடிக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. முதல் கோடையில் கன்று நம்மால் பிழைக்கிறது, இரண்டாம் கோடையில் பாதி நம்மாலும் பாதி தன் வேராலும் பிழைக்கிறது, மூன்றாம் கோடையில் அது நம்மைக் கேட்பதில்லை என்று ரேஞ்சர் ஐயா சொல்வார். ஆண்டுக் கூட்டத்தில் எத்தனை கன்று நட்டோம் என்ற கணக்கை அவர் வாசித்ததே இல்லை. இரண்டு கோடை கடந்து உயிரோடு நிற்பவை எவை என்பதைத் தெருத் தெருவாக எண்ணிப் படிப்பார். பட்டுப்போன கன்றின் எண்ணுக்கு நேரே காரணத்தையும் எழுதியிருப்பார். குறை கூறுவது அவர் நோக்கமன்று, அடுத்த ஐப்பசியில் அந்த இடத்தில் என்ன மாற்றம் செய்யலாம் என்பதே அவர் கவலை.

இந்த முறையால் சங்கத்தின் சுபாவமே மாறியது. தொடக்கத்தில் சந்தா கட்டிச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் தோட்டம் வைக்க இடமும் வசதியும் உள்ளவர்கள். வீதி மரங்களுக்கு நீர் வார்த்தவர்களோ பஞ்சாலைத் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளின் பெண்களும் பிள்ளைகளும். பாத்திரம் கழுவிய தண்ணீரையும் அரிசி களைந்த தண்ணீரையும் சேமித்து வைத்திருந்து, மாலையில் தம் வீட்டுக்கு எதிரேயுள்ள கன்றுக்கு ஊற்றி வளர்த்தவர்கள் அவர்கள். மேஸ்திரி ஒரு கூட்டத்தில் எழுந்து, “மரத்துக்குத் தண்ணி ஊத்துறவங்களும் நம்ம அங்கத்தினர்தானுங்களே? அவங்க எதுக்குங்க சந்தா கட்டோணும்?” என்று கேட்டார். அன்றே, இரண்டு கோடைக் காவல் ஏற்றுக்கொள்ளும் எவரும் சந்தா இன்றி முழு உரிமையுள்ள அங்கத்தினர் என்று தீர்மானம் நிறைவேறிற்று. தகர டின்களிலும் உடைந்த பானைகளிலும் துளசியும் காசித்தும்பையும் கனகாம்பரமும் வளர்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண்கள் அதன்பின் கூட்டங்களுக்கு வரத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் அடுக்குமல்லிகையைப் பதியன் போடும் விதத்தைச் செய்துகாட்டியபோது, பங்களாவாசிகள் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் குறித்துக்கொண்டதை நான் நேரில் கண்டேன். கைத்திறமைக்கு உரிய மரியாதை தானாகவே கிடைத்த இடம் அது.

சிறுவாணித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவதில்லை என்பது சங்கத்தார் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட மற்றொரு நியமம். குடிநீர் குடிப்பதற்கே. தோட்டத்துக்குக் கிணற்று நீரும், குளித்த நீரும், துவைத்த நீரும் போதும்படியாகத் தோட்டத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். குளியலறை நீர் ஓடும் வாய்க்காலில் வாழையும் கல்வாழையும் சேம்பும் நட்டு, சாக்கடையாகத் தேங்க வேண்டியதைப் பசுமையாக மாற்றிய வீடுகளைச் சங்கத்தார் கூட்டமாகச் சென்று பார்த்து, தம் வீடுகளிலும் அவ்வாறே செய்தார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் புல்தரைகளைக் காயவிட்டு, வீதிக் கன்றுகளுக்கு மட்டும் நீர் வார்த்தார்கள். அலங்காரத்துக்கும் அவசியத்துக்கும் இடையே எதை முதலில் கைவிடுவது என்ற கேள்விக்கு அவர்களிடம் எப்போதும் தெளிவான விடை இருந்தது.

1956-இல் காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. அப்போது சங்கம் எங்கள் பள்ளிக்கூடத்தின் பக்கம் திரும்பியது. பிள்ளைகள் உண்ணும் சோற்றோடு ஒருபிடி கீரையாவது சேர வேண்டும் என்று அம்மாமார்கள் ஆசைப்பட்டார்கள். மைதானத்தின் ஓரத்தில் பாத்திகள் கட்டி, அரைக்கீரையும் தண்டுக்கீரையும் விதைத்தோம். வேலியோரமாக அகத்தியும் முருங்கையும் நட்டோம். முருங்கைக்குப் போத்து நட்டதும் அகத்திக்கு விதை ஊன்றியதும் பிள்ளைகளே. ஒரு வகுப்புக்கு ஒரு பாத்தி என்று பிரித்துக் கொடுத்தபோது, பாடத்தில் மந்தமென்று கருதப்பட்ட பையன்கள் சிலர் பாத்தியைப் பேணுவதில் முதன்மையாக நின்றார்கள். அவர்கள் முகத்தில் அப்போது தோன்றிய தன்னம்பிக்கை, பின்பு வகுப்பறையிலும் அவர்களோடு கூடவே வந்தது. கீரை பறித்துக் கட்டி மடைப்பள்ளிக்குக் கொண்டுபோகும் முறை தமக்கு வரும் நாளில் அவர்கள் விடியுமுன்பே பள்ளிக்கு வந்து நிற்பார்கள். கல்வி என்பதன் பொருளை எனக்கு அந்தப் பிள்ளைகள் விரிவாக்கிக் காட்டினார்கள் என்று நன்றியுடன் சொல்வேன்.

தை மாதத்தில் சங்கத்தின் மலர்க் கண்காட்சி நடைபெறும். பகல் குறுகி இரவு நீளும் காலத்தில் அரும்பு கட்டும் செவ்வந்தி அப்போது முழுப் பொலிவோடு இருக்கும். டேலியாவும் ஜினியாவும் கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் வரிசையாக நிற்கும். மே மாதத்தில் சிலர் சேர்ந்து மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலேறி உதகமண்டலத்துக்குப் போவதும் உண்டு. 1848-இல் மக்கைவர் உருவாக்கத் தொடங்கிய அந்தத் தாவரத் தோட்டத்தையும், அங்கே 1896 முதல் நடந்துவரும் மலர்க் கண்காட்சியையும் கண்டு திரும்பும்போது, மலையின் குளிரில் மலர்பவற்றுக்கு ஏங்காமல், நம் மண்ணில் நன்றாக மலர்பவற்றை இன்னும் நன்றாக மலரச்செய்வோம் என்ற தீர்மானத்தோடுதான் இறங்கிவருவோம். எங்கள் கண்காட்சியில் மிகச்சிறந்த பரிசு மலருக்குக் கொடுக்கப்படவில்லை. இரண்டு கோடைக் காவலை நிறைவேற்றிய வீதி எதுவோ, அந்த வீதியார் அனைவருக்கும் பொதுவாக அது அளிக்கப்பட்டது. பரிசு என்பது ஒரு மண்வெட்டியும் பத்துக் கன்றுகளுமே. அதைப் பெற்றுக்கொள்ள வீதியே திரண்டு வரும்.

காலப்போக்கில் மூத்தவர்கள் மறைந்தார்கள். இளையவர்கள் உத்தியோகத்தின் பொருட்டு வெவ்வேறு ஊர்களுக்குச் சென்றோம். சங்கமும் கலைந்துபோயிற்று. நகரம் விரிந்தபோது நாங்கள் வளர்த்த மரங்களில் பல விழுந்தன, சில இன்றும் நிற்கின்றன. ஆனால் மரங்களைக் காட்டிலும் நீடித்து நின்ற ஒன்று உண்டு. லைன் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் பிற்காலத்தில் வேறு பேட்டைகளில் வீடு கட்டிக் குடிபோனபோது, வாசலில் ஒரு வேம்போ புங்கோ நட்டு, எதிர்வீட்டாரையும் நடச்செய்து, ஊருக்குப் போகும்போது அடுத்த வீட்டாரிடம் தண்ணீர்ப் பொறுப்பை ஒப்படைத்துச் செல்லும் வழக்கத்தைத் தம்மோடு கொண்டுபோனார்கள். அதைச் சங்கத்தின் விதியென்று அவர்கள் நினைக்கவில்லை, அயலார் அயலாருக்குச் செய்யும் இயல்பான கடமை என்றே எண்ணினார்கள். ஒரு ஸ்தாபனம் இதைவிட மேலான வெற்றி எதை விரும்ப முடியும்?

இன்றும் மரம் நடும் விழாக்கள் நடக்கின்றன. நடுகிறவர்களின் நல்லெண்ணத்தை நான் மனமார மதிக்கிறேன். அவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. எத்தனை நட்டோம் என்ற கணக்கை ஒதுக்கிவைத்து, ஒவ்வொரு கன்றுக்கும் எதிரே ஒரு வீட்டாரின் பெயரை எழுதுங்கள். அவர்களிடம் நேரில் சென்று, இரண்டு கோடைக்கு இது உங்கள் பொறுப்பு என்று பணிவோடு கேட்டு, அவர்கள் சம்மதம் பெற்ற பிறகே குழி வெட்டுங்கள். சம்மதம் கிடைக்காத இடத்தை அடுத்த ஆண்டுக்கு விட்டுவிடுங்கள். உங்கள் ஊரில் மழை எந்த மாதத்தில் ஆழ நனைக்கிறது என்பதை அங்கே உழுது பிழைக்கும் ஒரு பெரியவரிடம் கேட்டு, அந்த மாதத்துக்காகக் காத்திருங்கள். அவ்வாறு பத்து வீட்டார் சம்மதித்தால் பத்துக் கன்றே போதும். அந்தப் பத்தும் மரமாகும். அந்தப் பத்து வீட்டாரும் அதற்குள் ஒருவரையொருவர் அறிந்த ஓர் ஊராகியிருப்பார்கள்.